வயசின் கணக்கில் எழுதாதீர்கள்

கதிர்வீச்சு அறை வாசலில், மடியில் தண்ணீர் பாட்டிலோடு முறைக்குக் காத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும், என்னைவிட இளைய தம்பிமாருக்கும்,



உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் மூத்திரப்பை இந்நேரம் எந்த நிலையில் இருக்கும் என்று நன்றாகத் தெரியும். நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவன்தான். புராஸ்டேட் புற்றுநோய், கதிர்வீச்சு, அதோடு சேர்த்து ஹார்மோன் ஊசி. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆயுசு முழுக்கக் கரண்ட்டிடம் இருந்து உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவனைக் கூப்பிட்டு, "கரண்ட் வைக்கணும்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுக்கு அதுதான் பேர்.

நோயைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் டாக்டர் சொல்வார். நல்ல வைத்தியம் இருக்கிறது. பலபேர் இந்த நோயோடு நெடுங்காலம் இருக்கிறார்கள், வேறு காரணத்தால்தான் போய்ச் சேருகிறார்கள். நான் எழுதுவது வைத்தியத்துக்குப் பிறகு வருகிற நாட்களைப் பற்றி. அதை யாரும் பேசுவதில்லை. இடுப்புக்குக் கீழே உள்ள விஷயம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எதைச் சொன்னாலும் "வயசாயிட்டுல்லா" என்று ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுகிறோம். ராத்திரி நாலு தடவை எழும்புகிறாரா? வயசு. மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறதா? வயசு. டிவியில் யாரோ கல்யாணம் கட்டிப் போவதைப் பார்த்துக் கண் கலங்குகிறாரா? வயசு. போன பொங்கலுக்கு நிலைப்படியில் நின்று தோரணம் கட்டிய மனுஷனுக்கு இந்தப் பொங்கலுக்குள் இவ்வளவு வயசு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்டுக்கொள்வதில்லை.

வந்ததில் பாதிக்கு மேல் ஊசியின் வேலை. மிச்சத்தில் கொஞ்சம் கரண்ட்டின் வேலை. வயசுக்கு உண்டான பங்கு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எது எதனுடையது என்று பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு மருந்து கேட்கலாம், எதற்குப் பொறுத்திருக்கலாம் என்பது தெரியும்.

கரண்ட்டை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குடித்து நிறைத்து வா, மலம் கழித்துவிட்டு வா என்று தினமும் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூத்திரப்பை நிரம்பியிருந்தால் அதன் பெரும்பகுதியும் குடலும் கதிர் விழும் இடத்தை விட்டு மேலே ஒதுங்கி நிற்கும். மலக்குடல் காலியாக இருந்தால் புராஸ்டேட் தினமும் ஒரே இடத்தில் நிற்கும். இன்றைக்கு நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவது, பின்னால் வரக்கூடிய ரத்தப்போக்கைக் குறைப்பதற்கு. யாருக்கு எத்தனை தடவை என்ற ஒப்பீடும் வேண்டாம். முன்பெல்லாம் ஏழெட்டு வாரம், 37 தடவை, 39 தடவை என்று வைப்பார்கள். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2016-ல் வந்தது; சரியான ஆட்களுக்கு 20 தடவையில் முடித்தாலும் பலன் குறையவில்லை என்று அது காட்டியது. இப்போது சிலருக்கு 5 தடவையிலேயே முடிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு எண்ணிக்கை குறைவு என்றால் அவர் நோய் லேசு, உங்கள் நோய் கடுமை என்று அர்த்தம் இல்லை.

நீர்க்கடுப்பு, அடிக்கடி போக வேண்டும் என்ற அவசரம், மெதுவாகப் போவது, வயிறு இளகுவது இவையெல்லாம் கரண்ட் நடக்கும்போது வரும். முடிந்து சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு அடங்கும். மூத்திரப் பாதை தளர டாம்சுலோசின் மாதிரி மாத்திரை கொடுத்திருந்தால், ராத்திரி படுக்கையிலிருந்து விருட்டென்று எழும்பாதீர்கள். அந்த மாத்திரைக்கு எழும்பும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும் குணம் உண்டு. கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு எழும்புங்கள். குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது எலும்பைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

இனி ஊசி. இதில்தான் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது.

புராஸ்டேட் புற்று ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத் தின்று வளர்வது. இதை 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் நிரூபித்தார். விதைகளை எடுத்துவிட்டால், முற்றிய நோயாளிக்கும் கட்டி சுருங்கி வலி குறைந்தது. அதற்காக 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விதை எடுக்கும் அந்த அறுவை இன்றைக்கும் நம் ஊர்களில் நடக்கிறது. ஒரே தடவையில் முடியும், செலவு குறைவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசிக்குப் பணம் புரட்ட வேண்டாம். வாழ்நாள் முழுக்க ஹார்மோனைத் தடுக்க வேண்டியவருக்கு அது நல்ல வழிதான், அதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் திரும்ப வராத வழி. உங்களுக்குச் சில மாதமோ இரண்டு வருடமோ மட்டும் ஹார்மோனை நிறுத்தினால் போதும் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வித்தியாசத்தை டாக்டரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

ஊசியின் வேலை வேறு மாதிரி. ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி விதைகளுக்கு உத்தரவு மூளையடியில் இருந்து வருகிறது. அந்த உத்தரவைத் தொடங்கி வைக்கும் பொருளைப் பன்றிகளின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தவர்களில் ஆண்ட்ரூ ஷாலி ஒருவர். 1977-ல் அவருக்கும் நோபல் கிடைத்தது. லியூப்ரோலைடு, கோசெரலின் என்று நமக்குப் போடும் ஊசிகள் அந்தப் பொருளின் சாயல்தான். காலிங் பெல்லை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் வீட்டுக்காரர் முதலில் ஓடிவருவார், பிறகு பெல்லையே காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அதுதான் இங்கேயும் நடக்கிறது. முதல் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோன் கூடும், பிறகு அடியோடு இறங்கிவிடும். அந்த ஆரம்பக் கூடுதலைச் சமாளிக்கத்தான் சில வாரத்துக்கு பைகாலுட்டமைடு மாத்திரை. அந்த மாத்திரையை ஊசிக்குக் கூடுதல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு இறங்கும்? ஆரோக்கியமான ஆணுக்கு ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்கு மேலே இருக்கும் டெஸ்டோஸ்டிரோன், 50-க்கும் கீழே, பெரும்பாலும் 20-க்கும் கீழே போகும். அதுவும் மூன்று நாலு வாரத்தில். வயசு செய்தால் இந்தத் திசையில் கொஞ்சம் போகப் பல பத்தாண்டு ஆகும். அப்படிப் போனாலும் இந்த ஆழத்துக்கு இறக்காது. "வயசாயிட்டுல்லா" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

முதலில் வருவது சூடு. சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் ஒரு அனல் ஏறும். சட்டை நனையும். இரண்டு மூன்று நிமிஷத்தில் அடங்கி, ஈரத்தில் குளிர் எடுக்கும். ஊசி போட்டவர்களில் பெரும்பாலோருக்கு இது வருகிறது. சர்க்கரை இறங்கிவிட்டதோ, நெஞ்சுவலிக்கு அறிகுறியோ என்று பயந்து அவசரப் பிரிவுக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். பயந்தது தப்பில்லை, வியர்வையோடு நெஞ்சை அழுத்தும் வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் ஓடத்தான் வேண்டும். ஆனால் தினமும் வந்து தானே போகிற அனலுக்கு வேறு விளக்கம் உண்டு. உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி, ஹார்மோன் திடீரென்று நின்றதும் தடுமாறுகிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு நடப்பதும் அதுவே. வீட்டில் மதினியிடம் கேளுங்கள். அவர்கள் அதை அடுப்படியில் நின்றுகொண்டு, யாரிடமும் சொல்லாமல் கடந்து வந்திருப்பார்கள். அந்த நாளில் நாம் ஒரு மின்விசிறியையாவது அவர்கள் பக்கம் திருப்பி வைத்தோமா என்பது வேறு கதை.

சூடான காபி, காரமான குழம்பு, மது, மூடிய அறை இவை சிலருக்கு அனலைக் கிளப்பும். எது கிளப்புகிறது என்று இரண்டு வாரம் குறித்து வைத்தால் உங்களுக்கே பிடிபடும். பருத்தி பனியன், தலையணைப் பக்கத்தில் ஒரு துண்டு, மாற்றிக்கொள்ள ஒரு சட்டை. அதற்கும் அடங்காமல் தூக்கத்தைக் கெடுத்தால் மருந்து இருக்கிறது. மெட்ராக்ஸிப்ரோஜெஸ்டிரோன், வென்லாஃபாக்சின், காபாபென்டின் என்று சில. ஒவ்வொன்றுக்கும் அதனதன் தொந்தரவும் உண்டு, உங்கள் மற்ற வியாதிகளைப் பார்த்து டாக்டர் தேர்ந்தெடுப்பார். ஆனால் நீங்கள் சொன்னால்தான் அவர் தேர்ந்தெடுக்க முடியும். "எப்படி இருக்கீங்க?" என்று அவர் கேட்கும்போது "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து என்னிடம் புலம்பிய அண்ணாச்சிமார் எத்தனையோ பேர்.

அடுத்தது அழுகை. இதைப் பற்றி ஆண்கள் பேசி நான் கேட்டதில்லை. காரணமில்லாமல் தொண்டை அடைக்கும். பேத்தி பள்ளிக்கூடத்துக்குக் கையசைத்துவிட்டுப் போனால் போதும். சிலருக்கு அழுகைக்குப் பதில் எரிச்சல் வரும். தட்டு வைக்க நேரமானால் சீறுவார்கள். வீட்டில் உள்ளவர்கள், "நோய் வந்ததும் அப்பா மாறிட்டாங்க" என்பார்கள். மாறியது ஹார்மோன். இதை மனைவியிடமும் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை நடக்காது. ஆனால் ஒரு எல்லை உண்டு. தொடர்ந்து இரண்டு வாரம் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, இருந்து என்ன செய்ய என்ற நினைப்பு வருகிறது என்றால், அது அழுகையோடு நிற்கிற விஷயம் இல்லை. மனச்சோர்வு இந்த வைத்தியத்தில் கூடுதலாக வரும் என்பது தெரிந்த சேதி. அன்றைக்கே சொல்லுங்கள், அடுத்த ஊசித் தேதி வரை தள்ளிப்போடாதீர்கள்.

உடம்புக்கு வருவோம். தசை கரையும், தொப்பை ஏறும், இரண்டும் ஒரே சமயத்தில். எடை இயந்திரம் இதைக் காட்டாது. போன கறியும் வந்த கொழுப்பும் சரிக்குச் சரி ஆகிவிடும். அதோடு ரத்தசோகையும் கொஞ்சம் சேரலாம். களைப்பு என்றால் வேலை செய்து வரும் களைப்பு இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. இதற்கு நம் வீடுகளில் கொடுக்கிற வைத்தியம் "படுத்து ரெஸ்ட் எடுங்க" என்பது. அண்ணாச்சி, இந்த ஒரு விஷயத்தில் வீட்டாரின் பாசத்துக்குக் கட்டுப்படாதீர்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலுள்ள எடித் கோவன் பல்கலைக்கழகத்தார் இதே ஊசி போட்டுக்கொண்டிருந்த ஆண்களை 12 வாரம் எடை தூக்கும் பயிற்சியும் நடை போன்ற பயிற்சியும் செய்ய வைத்து, அதன் முடிவை 2010-ல் வெளியிட்டார்கள். ஊசி நடக்கும்போதே தசையும் பலமும் கூடின, களைப்பு குறைந்தது. ஹார்மோனே இல்லாமலும் தசையை வளர்க்க முடியும் என்பதுதான் இதில் உள்ள நல்ல சேதி.

நாம் காலையில் போகிற நடை நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. பூங்காவில் அரசியல் பேசிக்கொண்டே நடப்பதில் தொடைக்கு என்ன வேலை இருக்கிறது? பாரம் வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தோளுக்கு மேலே தூக்குங்கள். சுவரில் கையூன்றித் தண்டால் மாதிரி எடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள். முடிந்தால் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். நோய் எலும்புக்குப் போயிருந்தால் அவரைக் கேட்காமல் பாரம் தூக்கக் கூடாது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால் அங்கே இருக்கிற பையன்கள் சிரிப்பார்களோ என்று தோன்றும். அவர்கள் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நம்மை இல்லை.

எலும்பு சத்தமில்லாமல் தேயும். மூட்டு வலிக்காது, காய்ச்சல் வராது. ஊசி தொடங்கிய முதல் வருடத்திலேயே எலும்பின் அடர்த்தி குறைய ஆரம்பித்துவிடும். நமக்குத் தெரிவது குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்த பிறகுதான். டெக்ஸா ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, படுத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். நீண்ட நாள் ஊசி என்றால் ஆரம்பத்திலேயே ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வைட்டமின் டி அளவும் பாருங்கள். இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் நம்மில் பலருக்கு அது குறைவு என்பது சிரிப்பாகத்தான் இருக்கிறது; ஆனால் உண்மை. கேழ்வரகுக் கூழ், எள்ளு, பால், தயிர் இவற்றில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எலும்பு ரொம்பத் தேய்ந்திருந்தால் ஜோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்ற ஊசிகள் போடுவார்கள். அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுங்கள். அந்த ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு.

சர்க்கரை, கொழுப்பு, இதயம் மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊசிகளால் சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் அபாயம் கூடலாம் என்ற எச்சரிக்கையை மருந்தோடு வரும் தகவல் சீட்டில் அச்சிடச் சொல்லி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-லேயே உத்தரவிட்டது. நம் ஊரில் இந்த வயதில் பலருக்கு ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை ஓடுகிறது. புற்றுநோய் டாக்டருக்கும் சர்க்கரை டாக்டருக்கும் நடுவில் தபால்காரர் நாம்தான். ஊசி தொடங்கியதைச் சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மார்பு பெருத்து வலிப்பதும் உண்டு, முக்கியமாக பைகாலுட்டமைடை மட்டும் நெடுநாள் சாப்பிட்டால். சட்டைக்குள் பனியன் போட்டு மறைத்துக்கொண்டு திரியாமல் ஆரம்பத்திலேயே காட்டினால் தடுக்க வழி இருக்கிறது. நாள்பட்ட பிறகு கடினம்.

இப்போது, நீங்கள் மற்றவர்களிடம் கேட்கவே மாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்த விஷயம்.

ஆசை போய்விடும். முடியாமல் போவது வேறு, வேண்டும் என்ற நினைப்பே போய்விடுவது வேறு. ஊசி இரண்டாவதைச் செய்கிறது. கரண்ட் முதலாவதைச் செய்கிறது, ஆனால் உடனே இல்லை. விறைப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் நரம்புகளும் மெல்ல மெல்ல, இரண்டு மூன்று வருடத்தில் பாதிக்கப்படும். கரண்ட் முடிந்த புதிதில் நன்றாக இருக்கிறதே என்று நினைத்தவர் பிற்பாடு குழம்புவது இதனால்தான். விந்து வெளிவருவதும் நின்றுபோகலாம் அல்லது மிகக் குறையலாம். உச்சம் அப்போதும் சாத்தியம். உறுப்பு கொஞ்சம் சிறுத்துவிடுவதும் உண்டு. இதையெல்லாம் சிகிச்சைக்கு முன் ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், பின்னால் தன் உடம்பைப் பார்த்துத் தானே வெட்கப்பட வேண்டியிருக்காது.

கனடாவில் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர் ரிச்சர்ட் வாசர்சக். தவளையின் தலைப்பிரட்டைகளை ஆராய்ந்தவர். கோஸ்டா ரிகாவில் எந்தத் தலைப்பிரட்டை என்ன ருசி என்று வாயில் போட்டுப் பார்த்த ஆய்வுக்காக 2000-ல் அவருக்கு வேடிக்கை நோபல் பரிசு என்று சொல்லப்படும் இக் நோபல் கிடைத்தது. அவருக்குப் புராஸ்டேட் புற்று வந்து இதே ஹார்மோன் வைத்தியத்துக்கு ஆளானார். தலைப்பிரட்டையின் ருசியை ஆராய்ந்த அதே தைரியத்தோடு தன் உடம்பில் நடப்பதையும் ஆராய்ந்து வெளிப்படையாக எழுதினார். நோயாளிகளுக்கும் அவர்கள் துணைவிகளுக்கும் என்றே சக ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து ஒரு கையேடு கொண்டுவந்தார். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைப்பது அந்தக் கையேட்டின் அடிப்படை. நமக்கு அந்த முதல் படிதான் மலை.

மனைவியிடம் பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். தொட்டால் மேற்கொண்டு போக வேண்டியிருக்குமே என்று பயந்து தொடுவதையே விட்டுவிடுவோம். கட்டிலில் நடுவே தலையணை வரும். அப்புறம் "உங்க குறட்டை தாங்கலை" என்றோ "எனக்கு ஏசி ஒத்துக்கலை" என்றோ வேறு அறை வரும். அவர்களோ, நோய்க்காரரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒதுங்கியிருப்பார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தனித்தனியாகக் கிடப்பார்கள். "ஊசியால எனக்கு நினைப்பே வரலை, உன் மேல ஒரு குறையும் இல்லை" என்று ஒருநாள் இருட்டில் சொல்லிவிட்டால் போதும். கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவதற்கு எந்த ஹார்மோனும் வேண்டாம்.

மருந்தும் உண்டு. சில்டெனாஃபில் மாத்திரை, வெற்றிடக் கருவி, உறுப்பில் போடும் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. ஹார்மோன் ஊசி நடக்கும்போது மாத்திரையின் பலன் குறைவாக இருக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மாத்திரை உங்கள் சட்டைப்பையில் இருந்தால் சில்டெனாஃபில் பக்கமே போகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டிய விளம்பரத்துப் பொடிகளிலும் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கரண்ட்டுக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அதன் பாக்கி பின்னால் வரும். முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ, சிலருக்கு அதற்கும் மேலேயோ கழித்து, ஒருநாள் மலத்தோடு ரத்தம் போகும். நோய் குடலுக்குப் பரவிவிட்டது என்று பாதி உயிர் போய்விடும். இல்லையென்றால் மூலம் என்று தானே முடிவுகட்டி, நாட்டு மருந்துக்கும் "பவுத்திரம் மூலம்" போர்டு வைத்த இடத்துக்கும் போவோம். இரண்டும் வேண்டாம். கதிர்பட்ட மலக்குடலின் உள்தோலில் புதிதாக மெல்லிய ரத்தக் குழாய்கள் முளைத்து, முக்கும்போது கசியும். பெரும்பாலும் லேசானது, மலம் இளக்கும் மருந்தோடு அடங்கிவிடும். விடாமல் போனால் ஆர்கான் வாயுவின் உதவியால் அந்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கிறார்கள். ஆனால் வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் குழாய் விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். அப்படிப் பார்ப்பவரிடம் முதல் வார்த்தையாக "எனக்குப் புராஸ்டேட்டுக்குக் கரண்ட் வச்சிருக்கு" என்று சொல்லுங்கள். கதிர்பட்ட முன்பக்கச் சுவரில் தேவையில்லாமல் சதை கிள்ளி எடுத்தால் அந்தப் புண் ஆறாமல் ஓட்டையாகும் அபாயம் உண்டு. இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் கூடப் போகும். அதற்காக நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மூத்திரத்தில் ரத்தம் என்றால், அது பல வருடம் கழித்து வந்தாலும், காட்டிவிட வேண்டும்.

பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை அளவு பற்றி இரண்டு வார்த்தை. கரண்ட் வைத்தவர்களுக்கு அது பூஜ்யத்துக்குப் போக வேண்டிய அவசியமில்லை. சுரப்பி உள்ளேயே இருக்கிறது. ஊசி நடக்கும்வரை அடிமட்டத்தில் கிடக்கும். ஊசி நின்று ஹார்மோன் திரும்பும்போது சற்று ஏறும். ஊசியே போடாதவர்களுக்கும் முதல் இரண்டு மூன்று வருடத்தில் ஒருமுறை ஏறித் தானே இறங்குவது உண்டு. எட்டிய மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். 0.3 என்பது 0.6 ஆனதற்கு ராத்திரி முழுக்க விழித்திருந்து, விடிந்ததும் வேறு லேபுக்குப் போய் இன்னொருமுறை ரத்தம் கொடுக்க வேண்டாம். எப்போதும் ஒரே லேபில் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "சார், என் ஊசி எந்த மாசம் முடியுது?" நடுத்தர அபாயம் உள்ளவர்களுக்கு நாலு முதல் ஆறு மாதம், அதிக அபாயம் உள்ளவர்களுக்கு ஒன்றரை முதல் மூன்று வருடம் என்பது பொதுவான வழக்கம். கரண்ட்டோடு மூன்று வருட ஹார்மோன் ஊசி சேர்த்தால் உயிர் காக்கும் பலன் கூடுகிறது என்று 1997-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே முடிகிற மாதத்தைக் கேட்பது பாதியில் நிறுத்துவதற்கு இல்லை. ஊர் மாறி, டாக்டர் மாறி, ஃபைல் மாறி, முடிய வேண்டிய ஊசி யாரும் கவனிக்காமல் தொடர்வது உண்டு. அந்த மாதத்தைக் காலண்டரில் நீங்களே வட்டம் போட்டு வையுங்கள். கடைசி ஊசி போட்ட மறுநாள் எதுவும் மாறாது. அதன் வீரியம் தீரவே மூன்று மாதம் ஆகலாம். பிறகு ஹார்மோன் ஊறிவரப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலே. எழுபது தாண்டியவர்களுக்கும் நெடுநாள் போட்டவர்களுக்கும் முழுசாகத் திரும்பாமலே போகலாம். அனல் முதலில் அடங்கும். தெம்பு பின்னால் வரும். ஆசை வந்தால் கடைசியில் வரும்.

உங்களில் சிலருக்கு முடிகிற மாதம் கிடையாது. நோய் எலும்புக்கோ வேறு இடத்துக்கோ போய்விட்டதால் ஊசி தொடர்ந்துகொண்டே இருக்கும். மேலே சொன்னதையெல்லாம் படிக்கும்போது, இது நமக்கு இல்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். உங்களை நினைத்துத்தான் பாதியை எழுதினேன். மற்றவர்கள் இரண்டு வருடத்துக்குப் பார்க்க வேண்டியதை நீங்கள் எப்போதும் பார்க்க வேண்டும்: சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், எலும்பு, இடுப்புச் சுற்றளவு. கூடவே அபிரடெரோன் மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள் என்றால் அது வெறும் வயிற்றில்தான். சாப்பாட்டோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு தாறுமாறாகிவிடும். அதற்குத் துணையாகத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையை ஒருநாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பொட்டாசியம் அளவை அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். பி.எஸ்.ஏ. நன்றாக இறங்கிய சிலருக்கு ஊசியைக் கொஞ்ச காலம் நிறுத்தி, ஏறும்போது மறுபடி தொடங்கும் முறையும் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்பதற்குக் காசு கிடையாது. அடுத்த தடவை போகும்போது கேளுங்கள், பதிலைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்,
திருநெல்வேலி